நீ எண் போட்ட கல்

இன்று காலை தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து, இடது கையை முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டு பூச ஆரம்பித்தாள். நிறமில்லாத பாலிஷ். சானடோரியம் வருவதற்குள் அந்த நெடி பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ரயில் பயணம்கூட எனக்கு நிம்மதியாக அமையவில்லை.

நெயில் பாலிஷை நகத்துக்குப் போட்டதைவிடக் கல்லுக்குப் போட்டதுதான் நாம் அதிகம். பழங்கல்லின் ஒரு மூலையில் முதலில் மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் கறுப்பு மையில் எண். அதன்மேல் இன்னொரு பூச்சு. எண் அழியாது, கல்லுக்கும் சேதமில்லை. நம் வரலாற்றுத் துறையில் அந்த வேலையை உன்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். உன் எழுத்து அவ்வளவு சின்னது, அவ்வளவு அழகு. நான் கற்களைத் துடைத்துத் தருவேன், நீ எழுதுவாய். அதே புட்டியால், அதே கையால் என் கல்லுக்கும் எண் போட்டாய். நான் அந்தக் கல்லைத் திருடினேன் என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, என் கண்ணெதிரே போட்டாய்.

துறையில் உனக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் நீ எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்கிறாய், எல்லோருக்கும் நோட்ஸ் தருகிறாய், உன் இழப்பு ஈடுசெய்ய முடியாததாக இருக்கிறது. அது அவர்களுக்கு. இது உனக்கு. இதில் நான் இனிக்க இனிக்கப் பேசப்போவதில்லை, நீயும் எதிர்பார்க்காதே.

எம்.ஏ. வரலாறு முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? நான் வரலாற்றுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. ராஜாக்களின் பட்டியலை இன்னும் இரண்டு வருஷம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற சலிப்போடுதான் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் சார் ராஜாக்களிடமிருந்து தொடங்கவில்லை. எழுத்து வருவதற்கு முன்னால், பானை வருவதற்கு முன்னால், கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்த மனிதர்களிடமிருந்து தொடங்கினார். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்குக் கோட்டை கிடையாது, கோயில் கிடையாது, பட்டா கிடையாது. எனக்கு அவர்களை உடனே பிடித்துப்போயிற்று.

"ஆதி மனிதர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளில் குடியிருந்தார்கள்" என்று சார் சொன்னார். நாங்களும் அடையாற்று ஓரத்தில்தான் குடியிருந்தோம். நான் எட்டாவது படிக்கும்போது ஆக்கிரமிப்பு என்று சொல்லி, தட்டுமுட்டுச் சாமான்களோடு வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதனால் என்னையறியாமல் பக்கத்தில் இருந்த உன்னிடம், "அப்போ ஆதி மனுசனும் ஆக்கிரமிப்புதானா?" என்று கேட்டுவிட்டேன். உன் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. நீ வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தாய். சார் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். வராந்தாவில் நின்றுகொண்டு நீ மறுபடி சிரித்தாய். அப்படித்தான் நீயும் நானும் சிநேகிதிகள் ஆனோம்.

உனக்கு ஆக்கிரமிப்பு என்றால் என்னவென்று தெரிய வாய்ப்பே இல்லை. மேடவாக்கம் பக்கம் ஏரி, தோப்பு, கழனி எல்லாம் ஒருகாலத்தில் உங்கள் குடும்பத்தின் கையில் இருந்தது. இப்போது உன் அப்பாவுக்கு மண் அடிக்கிற தொழில். பள்ளமான மனைகளில் கிராவல் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கொடுப்பது. தாம்பரத்துக்குத் தெற்கே எங்கே புது வீடு எழும்பினாலும் அதற்கு முன்னால் உன் தாத்தா பெயர் எழுதிய டிப்பர் லாரி அங்கே வந்து போயிருக்கும். நீ அதைப் பெருமையாகவும் சொன்னதில்லை, மறைத்ததும் இல்லை. உன் டிபன் பாக்ஸில் பாதி என்னுடையது என்பதையும் நான் மறைக்கவில்லை.

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட கல் கிடைத்தது பல்லாவரத்தில் என்று சார் சொன்ன அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், ஒரு வெள்ளைக்காரர் சரளைக் குழியில் கண்டெடுத்தாராம். தினமும் நீயும் நானும் ரயிலில் தாண்டிப்போகிற ஊர். அந்தச் சனிக்கிழமையே இறங்கித் தேடப் போனோம். வெயிலில் மூன்று மணி நேரம் அலைந்தோம். கிடைத்தது உடைந்த பாட்டில், ஆட்டுப் புழுக்கை, ஒரு வீட்டுக்காரரின் திட்டு. நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "லட்சம் வருஷம் லேட்டா வந்துட்டோம்டி" என்றாய். எனக்கு இப்போதும் அந்த வாக்கியம் பிடிக்கும், என்ன செய்ய.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பிளாக்கைச் சுற்றி முழங்கால் தண்ணீர். பெரும்பாக்கம் சதுப்பு நிலம், தண்ணீர் போக இடமில்லை. தை பிறந்த பிறகு பள்ளத்தை மேடாக்க லாரிகள் வந்தன. எட்டாவது மாடியிலிருந்து பார்த்தேன், முகப்பில் உன் தாத்தா பெயர். பால் வாங்கக் கீழே இறங்கியவள், கொட்டி வைத்த சிவப்பு மண் குவியலில் அந்தக் கல்லைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு, பாதாம் பருப்பு வடிவம். இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்த தடம். நுனி கூர். கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் போய்ச் சேர வேண்டிய பள்ளத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தது. பாலை வாங்காமலே மேலே ஓடினேன்.

"இன்னாடி இது, பால் வாங்கினு வாடீன்னா கல்லைத் தூக்கினு வந்துகிறே" என்றாள் அம்மா. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தக் கல்லைக் கழுவி, அதனாலேயே இஞ்சி நசுக்கித் தேநீர் போட்டு முடித்திருந்தாள். "சோக்கா கீதுடி, கைக்கு நல்லா புடிக்குது" என்று பாராட்டு வேறு. நான் கத்தினேன். அப்புறம் அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். எத்தனையோ லட்சம் வருஷத்துக்குப் பிறகு அந்தக் கல்லுக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது எங்கள் வீட்டில்தான். அதைச் செய்தவர் கை எப்படி இருந்திருக்கும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லை முதலில் உன்னிடம்தான் காட்டினேன். சாரிடம் இல்லை, உன்னிடம். கேண்டீனில், பைக்குள்ளேயே வைத்துக் காட்டினேன். நீ உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாய். உன் முகம் மாறியது.

"ஏய் கலை... இது ஒரிஜினல்டி. கைக்கோடரி!"

நீ என்னைக் கட்டிப்பிடித்ததில் என் தோளில் சாம்பார் கொட்டியது. எங்கே கிடைத்தது என்று கேட்டாய். சொன்னேன். உங்கள் லாரி கொட்டிய மண்ணில் என்று அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னேன், இந்தப் பெருமையில் உனக்கும் பங்கு இருக்கட்டும் என்று. நீ கல்லை மெதுவாக என் பைக்குள் திரும்ப வைத்தாய். ஜிப்பை இழுத்து மூடினாய். பிறகு, "சார்கிட்ட காட்டு. எங்க எடுத்தியோ அந்த இடத்தையே எழுதிக் கொடு. அதான் ரூல்" என்றாய்.

ரூல்தான். கண்டெடுத்த இடத்தை உள்ளபடி எழுத வேண்டும். நான் சீட்டில் 'பெரும்பாக்கம், எங்கள் பிளாக் எதிரில்' என்று எழுதினேன். மண்ணே வேறு எங்கிருந்தோ வந்தது என்றால் அந்த இடத்தையும் எழுத வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊரில் நிலமே லாரியில் வருவதுதான், அதை யாரும் தனியாக யோசிப்பதில்லை. உனக்கு உறைத்திருந்தது. தெரிந்தே என்னை அப்படி எழுதச் சொன்னாயா, அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சார் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சீட்டைப் படித்தார். "பெரும்பாக்கம் சதுப்பும்மா. நாணலும் களிமண்ணும்தான் இருக்கும். அங்க கைக்கோடரி எப்படி வந்துச்சு? மாடிப்படி ஏறி உன் வூட்டுக்கு நடந்து வந்துச்சா?" வகுப்பு சிரித்தது. பிறகு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரின் குரல் மாறியது. இது நிஜக் கருவி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நிஜக் கருவி என்னிடம் எப்படி வந்திருக்க முடியும்? அந்த வாரம்தான் யாரோ பழைய பேராசிரியர் வீட்டிலிருந்து துறைக்கு ஒரு பெட்டி நிறையக் கற்கள் வந்திருந்தன. எண் போடாத கற்கள். அந்தப் பெட்டியை எண்ணிப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

"ஏம்மா, இது நம்ம பெட்டியில இருந்த கல்லா?" என்று உன்னைக் கேட்டார்.

நீ ஜன்னலைப் பார்த்தாய். வேப்பமரத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இருந்திருக்கலாம் சார்" என்றாய்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் உன்னைப் பொய்க்காரி என்று கத்தியிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் காலம் முழுக்க உனக்கு நாய் மாதிரி விசுவாசமாக இருந்திருப்பேன். நீ இரண்டும் சொல்லவில்லை. உன் கை அழுக்காகாமல் என்னைத் திருடியாக்கினாய். அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைதான் நீ, பள்ளம் தெரியாமல் மேலாக மண் அடித்துவிட்டுப் போய்விட்டாய்.

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. நீலச் சீருடையோடு அப்படியே ஓடிவந்தாள். "எம்பொண்ணு திருடி இல்ல சார். எங்க வூட்டாண்ட கொட்டின மண்ணுல கெடந்துச்சு. வேணும்னா மோந்து பாருங்க, அந்தக் கல்லாலதான் நானு இஞ்சி நசுக்கினேன்" என்றாள். அதுதான் பெரிய சாட்சி என்று நினைத்தாள் பாவம். சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "துறையோட பொருளை வெச்சு இஞ்சி நசுக்கினீங்களா!" கதவுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ அங்கே இருந்தாய். சிரிக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன், அதனால் உனக்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது.

'தவறுதலாக எடுத்துச் சென்றுவிட்டேன்' என்று என்னிடம் கடிதம் எழுதி வாங்கினார்கள். படிப்பைத் தொடர வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டேன். அம்மா பக்கத்தில் நின்றாள். அன்று மாலையே நீ அந்தக் கல்லில் பாலிஷ் பூசி, காயவிட்டு, 47 என்று எழுதினாய். ரெஜிஸ்டரில் 'நன்கொடைப் பெட்டி' என்று குறித்தாய். கோடைக்கால அகழாய்வுப் பயிற்சிக்கு நம் துறையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். என் பெயர் போயிருந்தது. அதை அடித்துவிட்டு உன் பெயரைப் போட்டார்கள்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒருநாள் என்னை மடக்கினாய். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ப்ளீஸ்டி, நான் என்ன பண்ணட்டும்? மண்ணு எங்க மேட்டுலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா பழங்கால எடம்னு கவர்மென்ட் ஆளுங்க வந்து கயிறு கட்டிடுவாங்க, மண்ணு வெட்ட விடமாட்டாங்க. அப்பா என் படிப்பையே நிறுத்திடுவாருடி" என்றாய். உன் படிப்பு நிற்கக்கூடாது என்பதற்காக என் படிப்பில் கைவைத்திருக்கிறாய், அதை என்னிடமே வந்து சொல்கிறாய். "உனக்கு ஒரு நாள் இருக்குடி" என்று மட்டும் சொன்னேன். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்தேன். அதன் பிறகு உன்னிடம் நான் பேசவில்லை.

அந்த நாளுக்காக நான் உழைத்த மாதிரி எந்தப் பரீட்சைக்கும் உழைத்ததில்லை. டிப்பர் டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். "இன்னாத்துக்குமா உனுக்கு இதெல்லாம்? மண்ணு எங்கேர்ந்து வந்தா இன்னா, மேடானா சரி" என்று விரட்டினார்கள். ஒருவர் மட்டும், அம்மாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், வண்டலூருக்கு அப்பால் இருக்கிற உங்கள் மேட்டுக்கு வழி சொன்னார். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, மீதி நடை. போய்ப் பார்த்தேன். பொக்லைன் பாதி மேட்டைத் தின்றிருந்தது. வெட்டிய முகத்தில் சிவப்புச் சரளை அடுக்கு கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. அதிலிருந்து செதில் கற்கள் துருத்திக்கொண்டிருந்தன. அங்கே நின்று நான் அழுதேன் என்று நினைக்காதே. போட்டோ எடுத்தேன்.

பயிற்சி முடித்து வந்து நீ துறையில் உரை நிகழ்த்துவதாக இருந்தது. பேனர்கூட அடித்துவிட்டார்கள். உன் அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் தொல்லியல் துறைக்கு மனு எழுதி, போட்டோக்களை இணைத்து, இரண்டு நகல் எடுத்து வைத்தேன். நீ பேசி முடித்ததும் எழுந்து நின்று, 47ஆம் எண் கல் எந்த மேட்டு மண்ணிலிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன் முகம் எப்படி வெளுக்கும் என்பதுவரை நினைத்து வைத்திருந்தேன். வெட்கமாக இல்லை, அந்த நினைப்புதான் எனக்கு அப்போது சோறு.

மூன்று நாள் காய்ச்சலில், உரைக்கு முதல் நாள் நீ போய்விட்டாய்.

நீ பேச வேண்டிய நேரத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கல்லை எடுத்தாய், என் இடத்தை எடுத்தாய், கடைசியில் நான் குறித்து வைத்த நாளையும் நீயே எடுத்துக்கொண்டாய். உன் வீட்டு வாசலில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஐயோ, உயிரா இருந்தாங்களே ரெண்டு பேரும்" என்று யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சூட்கேஸை இழுத்தார்கள். "இதெல்லாம் எங்களுக்குப் புரியாதும்மா. நீ வெச்சுக்கோ. எப்பவும் உன்னைப் பத்தித்தான் பேசிட்டிருப்பா" என்றார்கள். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒன்பது கற்கள். ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் என் கல்லின் படம், நீ வரைந்தது. கீழே உன் சின்ன எழுத்தில்: 'எடுத்தவள் கலைச்செல்வி. எடுத்த இடம் பெரும்பாக்கம். மண் வந்த இடம் எங்கள் மேடு, தெற்கு வெட்டு.' அடுத்தடுத்த பக்கங்களில் ஞாயிற்றுக்கிழமைகள். பொக்லைன் ஓடாத நாளில் நீ அங்கே போயிருக்கிறாய். தையல்காரரின் டேப்பை வைத்து ஆழம் அளந்து, அடுக்குகளை வரைந்து, ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்தில் இருந்தது என்று குறித்திருக்கிறாய். அடுத்த ஞாயிறு நீ போகும்போது அந்த இடமே இருந்திருக்காது. அது யார் வீட்டு மனைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அதைப் படித்து என் மனம் இளகியிருக்கும் என்று நினைக்கிறாயா? கொதித்தது. உண்மையை எழுத உனக்கு ஒரு நோட்டு இருந்தது. அதை யாரும் படிக்காத இடத்தில், கட்டிலுக்கு அடியில் பூட்டி வைத்தாய். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் ஜன்னலைப் பார்த்தாய். நான் எட்டு மாதம் 'கல்லு திருடி' என்ற பெயரோடு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தபோது, நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பக்கம் எழுதி உன் மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறாய்.

ஒரு வாரம் அந்த நோட்டை வைத்திருந்தேன். அதைக் கொடுத்தால் என் பெயர் சுத்தமாகும். கூடவே உன் பெயரும் பெரிதாகும். வெட்டிப் போய்விட்ட அந்தப் பகுதிக்கு உன் கணக்கு மட்டும்தான் இனி ஆதாரம். கொடுக்காவிட்டால் என்னிடம் என் போட்டோக்கள் இருந்தன, நான் தனியாகவே ஜெயித்துக்கொள்ளலாம், நீ செய்த ஒரே நல்ல வேலை உன்னோடு ஒழிந்துபோகும். ஒருநாள் மழையில் பால்கனிக்குக் கொண்டுபோய்க் கம்பிக்கு வெளியே நீட்டினேன். ஓரம் நனைந்தது. அப்போது பக்கம் புரண்டு நீ வரைந்த ஒரு கல் தெரிந்தது. தட்டும்போது நுனி உடைந்துபோய், செய்தவர் பாதியில் வீசிவிட்டுப் போன கல். அந்த ஆளுக்கும் நம் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? உள்ளே எடுத்து வந்து துணி போட்டு ஒற்றினேன். உனக்காக இல்லை என்பதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன்.

மனுவோடு நோட்டையும் கற்களையும் அரசு அலுவலகத்தில் கொடுத்தேன். ஒரு பெண் அதிகாரி வந்து பார்த்தார். மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். உன் அப்பாவின் லாரிகள் அங்கே போவது நின்றது. நீ எதற்குப் பயந்தாயோ அது முழுசாக நடந்தது, நடத்தியது நான்.

அப்புறம் சாரிடம் போனேன். "அந்த நேரத்துல அப்படித் தோணிடுச்சும்மா, விடு" என்றார். நான் விடவில்லை. 47 என்ற எண்ணுக்கு எதிரில் ரெஜிஸ்டரில் திருத்தம் எழுதச் சொன்னேன். கண்டெடுத்தவர் பெயர், மண் வந்த இடம், இரண்டையும் எழுதினார். முந்தைய பதிவைப் பற்றி 'தவறு' என்று எழுதப்போனார். "தவறு இல்ல சார், பொய். பொய்யின்னு எழுதுங்க. பதிஞ்சது யாருன்னு பேரு போடுங்க. அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். சிவப்பு மை, உன் முழுப்பெயர், இன்ஷியலோடு. என் மன்னிப்புக் கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

போன மாதம் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். மேட்டைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாராக நின்றேன்.

"மேடு போனா போவுதும்மா. அத நான் கேக்கல" என்றார். "காலேஜ் நோட்டுல எம்பொண்ணு பேருக்கு நேரா பொய்யின்னு எழுதி வெச்சிருக்காங்களாமே. நீ சொன்னாத்தான் மாத்துவாங்களாம். தப்புன்னு போடச் சொல்லும்மா. அந்த ஒரு வார்த்தைதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளானவள். அவளே, "வுட்டுடுடி, செத்துப் போன பொண்ணு" என்றாள்.

"முடியாது சார்" என்றேன். "உங்களுக்குப் பயந்துதான் அவ பொய் சொன்னா. அந்த வார்த்தையில பாதி உங்களுது."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. எழுந்து வாசல்வரை போனவர், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் வந்த மொத நாளு, கலையைப் பாக்கணும்ப்பா, இட்டுனு போன்னு ஒரே புடியா நின்னாம்மா. நான்தான் வண்டியில கூட்டினு வந்தேன். எதுக்குன்னு சொல்லல. அன்னிக்கும் லிஃப்டு ஓடல. ரெண்டு மாடி ஏறினா, முடியல, படியிலயே உக்காந்துட்டா. போன் போட்டுப் பாத்தா, போவல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, இன்னொரு நாளு வரலாம்ப்பான்னு எறங்கிட்டா" என்றார். பிறகு படியில் இறங்க ஆரம்பித்தார். அவருடைய செருப்புச் சத்தம் நிற்கிறவரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். உன்னிடம் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைத்தான் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெஜிஸ்டரில் அந்த வரியை மாற்றவில்லை. மாற்றப்போவதும் இல்லை. மேட்டைப் பற்றிய அறிக்கை தொல்லியல் துறையில் தயாராகிறது, தட்டச்சு என் வேலை. தெற்கு வெட்டைப் பதிவு செய்தவர் என்று உன் பெயரை நானேதான் அடித்தேன், ஓர் எழுத்துப் பிழையில்லாமல். நூறு வருஷம் கழித்து ஒருத்தி இரண்டையும் எடுத்துப் படித்தால், உன்னால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். நினைவு மலர் எழுதியவர்கள் யாரும் உன்னை இவ்வளவு முழுசாக ஞாபகம் வைத்திருக்கப்போவதில்லை.

ஆனால் உன் அப்பா ஒன்றைக் கேட்காமல் போய்விட்டார், என் அம்மாவும் கேட்கவில்லை. மீதி ஆறு மாடியையும் நீ ஏறி வந்து தட்டியிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனா என்று. திறந்திருக்க மாட்டேன். நீதான் என்று தெரிந்துகொண்டு, நீ களைத்துப்போய் இறங்குகிறவரை மூச்சுவிடாமல் உள்ளேயே நின்றிருப்பேன். உன்மேல் இருக்கிற கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னால் சுமக்க முடியும். திறக்காத அந்தக் கதவைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.